கொடுத்தவரே எடுத்தார் என்று முழங்கிய வாய்

மேலைக் கோயிலின் மேன்மைமிகு மேய்ப்பரும், இந்த அவையின் தலைவருமான குருவானவர் காஷா கிவர்கிஸ் அவர்களே! கீழைக் கோயிலின் கீர்த்திமிகு மேய்ப்பர், எழுபத்தாறு வயதிலும் எனக்கு முன்பாகவே வந்து முன்வரிசை நாற்காலியைப் பிடித்துக்கொண்ட காஷா யோனான் அவர்களே! மூன்றாண்டு முகாமில் முள்வேலிக்குள் முதுகு வளைந்தாலும் முகம் கோணாத மூத்தோரே! எரிந்த வீட்டின் சாம்பலைக் கூட்டி அள்ளிவிட்டு, அதே இடத்தில் அடுப்பு மூட்டிய அன்னையரே! மல்பெரி மரத்தில் ஏறி உட்கார்ந்திருக்கும் வருங்காலத் தலைவர்களே! அதோ, ஹரிசாக் கஞ்சி அண்டாவைக் கிளறிக்கொண்டே காதை மட்டும் இந்தப் பக்கம் வைத்திருக்கும் சகோதரிகளே! உங்களுக்குத் தனி வணக்கம். கிளறுவதை நிறுத்தாதீர்கள். அடி பிடித்தால் பழி என் பேச்சின் மேல்தான் வரும்.

இன்று நம் பேத் கர்மா ஊர் திரும்பிய விழா. இந்த விழாவுக்கு நாள் குறிக்க நாம் பட்ட பாடு கொஞ்சமா? மேலைக் கோயிலுக்குப் புதிய நாட்காட்டி, கீழைக் கோயிலுக்குப் பழைய நாட்காட்டி. இரண்டுக்கும் நடுவே பதின்மூன்று நாள். சரி, பொதுவாக நடுவிலே ஒரு நாளை வைப்போம் என்றார்கள். முன்னால் ஆறு நாளா ஏழு நாளா என்று நான்கு கூட்டம் போட்டோம்! குண்டுக்கும் கொடுமைக்கும் தப்பி வந்தவர்கள், அந்த ஒரு நாளுக்காக ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்தோம். அந்தக் கூட்டங்களில் அதிகமாகக் கத்தியவன் யார் என்று கேட்கிறீர்களா? சிரிக்காதீர்கள், நான்தான்.

எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு: முதல் திருச்சபை யாருடைய திருச்சபை? இதை ஏன் எனக்குக் கொடுத்தார்கள் என்பது ஊருக்கே தெரியும். மேலைக் கோயிலின் உதவிக்குரு ஷமாஷா கோஷாபா, அதாவது அடியேன், இந்தத் தலைப்பில் நாற்பது ஆண்டுகளாகப் பேசிவருகிறான். பேசிப் பேசியே...

என்ன ஸாயா? "சிங்கமே, கர்ஜிங்க"வா? கர்ஜிக்கிறேனப்பா. உன் கறிக்கடையில் கத்தி தீட்டுகிற நேரமாவது எனக்குக் கொடு.

அன்பர்களே, ஆதியிலிருந்து வருகிறேன். கர்த்தர் கடைசிப் பந்தியில் அப்பத்தைப் பிட்டார். பிட்டவர் யோவானுக்கு மட்டும் இரண்டு துண்டு கொடுத்தார். ஒன்றை உண், ஒன்றை வை! யோவான் வைத்தார். மறுநாள் சிலுவையடியில், விலாவிலிருந்து வழிந்ததை அந்தத் துண்டு வாங்கிக்கொண்டது. சீடர்களான தூதர்கள் அதைத் தூளாக்கினார்கள். ஆளுக்குக் கொஞ்சமாக அள்ளிக்கொண்டு திக்குக்கு ஒருவராகப் போனார்கள். நம் திக்குக்கு வந்த தூதர் அதை நம் கையில் தந்தார். அன்று முதல் ஆண்டுதோறும் பெரிய வியாழனன்று பழைய மாவோடு புதிய மாவும் உப்பும் சேர்க்கிறோம். பழையது தீர்வதற்கு முன்பே புதியது அதனுள் கலந்துவிடுகிறது. அதற்கு நாம் வைத்த பெயர் மல்கா, அரசன். இந்தப் புளித்தமா ஒரு சிட்டிகை இல்லாமல் நம் குர்பானா வழிபாட்டில் அப்பம் கிடையாது. நம் அம்மாமார் நமக்குச் சொன்ன கதை இதுதானே?

உரோமையில் உயர்ந்த கோபுரம் இருக்கலாம். அந்தியோக்கியாவில் அழகிய குகை இருக்கலாம். எருசலேமில் ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு சொந்தக்காரர் இருக்கலாம். எங்களிடம் இருப்பதோ ஒரு ஜாடி மாவு! அந்தப் பந்தியிலிருந்து பிடி பிடியாக வந்த மாவு! இப்படித்தானே நான் பேசுவேன்? கை தட்டுங்கள், பரவாயில்லை, இந்த இடத்தில் எப்போதும் தட்டுவீர்கள்.

அடுத்தது என்ன வரும் என்பதும் உங்களுக்குத் தெரியும். ஐம்பது ஆண்டுகளுக்கு முன் நாட்காட்டிச் சண்டை வந்தது. ஒரே கோயில் இரண்டானது. அன்றிருந்த கிழக்குரு அழுதுகொண்டே மல்காவை மரக்கரண்டியால் இரண்டு பங்காக்கினார். ஒரு பங்கு மேலைக் கோயிலின் ஜாடியிலேயே இருந்தது. மறுபங்கை வாங்கிக்கொள்ளக் கீழைக் கோயிலாரிடம் பாத்திரம்கூட இல்லை. அப்போதுதான் கலியாணமாகி வந்திருந்த பதினெட்டு வயதுப் பெண், நம் காஷா யோனானின் மனைவி ஷ்முனி, ஒரு வெள்ளைத் துணிப்பை தைத்துக் கொண்டுவந்தார். இது ஊரறிந்த கதை.

கீழைக் கோயிலுக்கு அன்று சுவரே எழும்பவில்லை. ஆகவே பை எங்கள் கோயிலின் அப்ப அறையிலேயே, ஒரு பெட்டியில் பூட்டி வைக்கப்பட்டது. சாவி யோனானின் இடுப்பில். முதல் குர்பானாவுக்கு முந்தின நாள் அவர் வந்து திறந்தார். பெட்டியில் பை இல்லை! பாவம், இருபத்தாறு வயதுக் குருவானவர் மூன்று மலை தாண்டி நடந்து, வேற்றூர்க் கோயிலில் கையேந்தி ஒரு பிடி வாங்கி வந்தார். அதை நாம் என்ன சொன்னோம்? வெறும் மாவு என்றோம். இரவல் மாவு என்றோம். அப்புறம் மேடை ஏறினான் இந்தக் கோஷாபா. ஏறி என்ன கேட்பான்? எங்கே, கடைசியாக ஒருமுறை சேர்ந்து சொல்வோம். பூட்டு உடைந்ததா?

"இல்லை!"

கதவு பெயர்ந்ததா?

"இல்லை!"

பிறகு எடுத்தது யார்?

"கொடுத்தவரே எடுத்தார்!"

ஆஹா, என்ன ஓசை, என்ன ஒற்றுமை! கொடுத்த கர்த்தரே எடுத்தார், ஆகவே கீழைக் கோயில் கோயிலே அல்ல, முதல் திருச்சபை நாமே! நாற்பது வருடம். இதைக் கேட்டுக்கொண்டே ஷ்முனி அக்கா அந்தக் கிணற்றில் தண்ணீர் இறைத்துக்கொண்டு போவார். ஒரு நாளும் திரும்பிப் பார்த்ததில்லை.

இந்த வரியை இனி நான் சொல்லப் போவதில்லை. ஏன் என்று சொல்கிறேன். பொறுங்கள்.

நாம் ஊரைவிட்டு ஓடிய அந்த ஆகஸ்டு விடியலை நினைத்துப் பாருங்கள். கோயில்களை எரிக்கும் கறுப்புக்கொடிக்காரர்கள் பக்கத்து ஊர்வரை வந்துவிட்டார்கள் என்றதும் டிராக்டர்களில் ஏறினோம். நான் கோயிலுக்கு ஓடினேன். மாடத்தில் மல்கா ஜாடி இல்லை. நம் தலைவர் அதை அதற்குமுன்பே பீடத்தின் அடியில் புதைத்திருந்தார் என்பது எனக்குத் தெரியாது. அப்போதுதான் என் அப்பாவின் ஞாபகம் வந்தது. எனக்கு முன் இந்தக் கோயிலின் உதவிக்குருவாக இருந்த ஷமாஷா ஒதீஷோ. சாகும்போது அவர் சொன்னார்: "ஆபத்துன்னு வந்தா அப்ப அறை மேல் தட்டுல ஒரு பிஸ்கட் டின் இருக்கு. அத மொதல்ல எடு. கேள்வி கேக்காதே."

கேட்கவில்லை. எடுத்தேன். உள்ளே ஒரு வெள்ளைத் துணிப்பை, அதில் உப்புக் கலந்த மாவு. அடடா, என் அப்பா ஆபத்துக்கென்று மல்காவில் ஒரு பங்கை எடுத்துவைத்த மகான் என்று நினைத்தேன்! வீட்டுச் சாமான் ஒன்றுகூட எடுக்கவில்லை. மனைவி நகைப்பெட்டி எங்கே என்று கேட்டதற்கு டின்னைக் காட்டினேன். அவள் சொன்னது மேடையில் சொல்லக்கூடியதில்லை.

தஹோக் அகதி முகாமில் அந்த டின்னை வைத்துத்தான் நம் குர்பானா நடந்தது. கீழைக் கோயிலாரிடமோ ஒன்றுமில்லை. அவர்கள் மாவு கோயிலோடு எரிந்துபோனது. காஷா யோனான் காய்ச்சலில் கிடந்தார். ஷ்முனி அக்காதான் என் கூடார வாசலுக்கு வந்தார். தண்ணீர் லாரிக்கு ஊரே வரிசையில் நின்ற நேரம்.

"தம்பி, எங்களுக்கும் கொஞ்சம் குடுப்பா. ஞாயித்துக்கெழம வருது."

நான் என்ன செய்தேன் தெரியுமா? உள்ளே வா என்று சொல்லவில்லை. உட்கார் என்று சொல்லவில்லை. வெயிலில் நிற்கவைத்தேன். "சும்மா குடுத்துடுவேனா? சத்தமா ஒரு வார்த்தை சொல்லுங்க. எங்ககிட்ட இருந்தது வெறும் மாவு, மூலம் உங்ககிட்டதான்னு சொல்லுங்க. வரிசையில நிக்கிறவங்க காதுல விழணும்."

அறுபத்து நான்கு வயது அம்மாள். நாலு பிள்ளை பெற்றவர். ஒரு குருவானவரின் மனைவி. நான் டின்னைத் திறந்து பையை வெளியே எடுத்தேன். அவர் அதைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு கையை நீட்டி, "அந்தப் பையை ஒரு நிமிஷம் குடேன் தம்பி, பாத்துட்டுத் தரேன்" என்றார்.

"பொம்பள கை இதுல படக் கூடாது" என்றேன்.

அவர் சிரித்தார், அன்பர்களே! கோபமாக இல்லை, நல்லாவே சிரித்தார். "ஆமாப்பா, படக் கூடாதுதான்" என்றார். பிறகு வரிசையைப் பார்த்துத் திரும்பி, நான் சொல்லச் சொன்னதைத் தெளிவாக, சத்தமாகச் சொன்னார்: "எங்ககிட்ட இருந்தது வெறும் மாவு. மூலம் இவங்ககிட்டதான்." நான் ஒரு கரண்டி அளந்து கொடுத்தேன். முந்தானை ஓரத்தில் வாங்கி முடிந்துகொண்டு போனார். இரண்டாம் குளிர்காலத்தில் அந்த முகாமிலேயே அவர் கண்ணை மூடினார். கடைசியாக அவர் வாயில் வைத்த அப்பமும் அந்தக் கரண்டி மாவில் விளைந்ததுதான்.

ஊர் திரும்பினோம். ஜாடியைத் தோண்டி எடுத்தோம். டின்னுக்கு வேலை இல்லாமல் போனது. மாவைத் தாளில் மடித்து வைத்துவிட்டுப் பையை மட்டும் துவைத்து, என் வீட்டுச் சிலுவைக்கு அருகில் அலமாரியில் வைத்தேன். போன மாதம் காஷா யோனான், இதே ஆறு நாளா ஏழு நாளா சண்டைக்காக என் வீட்டுக்கு வந்தார். தேநீர் கொடுத்தேன். குவளையை எடுத்தவர் வாய்க்குக் கொண்டுபோகவில்லை. கண் அலமாரியில் நின்றுவிட்டது. பிறகு பாக்கெட்டிலிருந்து தன் கைக்குட்டையை எடுத்து என் மேசையில் விரித்தார். ஓரத்தில் சிவப்பு நூலில் ஒரு மாதுளம்பழம், காம்பு இடப்பக்கம் சாய்ந்து தைக்கப்பட்டது.

நான் எழுந்துபோய்ப் பையைத் திருப்பிப் பார்த்தேன். அடி மூலையில் அதே மாதுளை, அதே சிவப்பு, அதே சாய்ந்த காம்பு.

"என் கலியாணத்துக்கு அவ தைச்சது இது" என்றார். "அதே வாரம் தைச்சதுதான் அது."

பூட்டு உடையவில்லை. உண்மை. கதவு பெயரவில்லை. உண்மை. அந்தப் பெட்டியும் பூட்டும் எங்கள் வீட்டிலிருந்து போனவை, அன்பர்களே! அந்தப் பூட்டுக்கு இரண்டாவது சாவி இருக்குமே என்று நாற்பது வருடத்தில் ஒருமுறைகூட நான் நினைத்துப் பார்க்கவில்லை. எடுத்தது யார் என்று ஊர் ஊராக மேடை போட்டுக் கேட்டேனே, பதில் என் வீட்டுச் சாப்பாட்டுத் தட்டின் எதிரிலேயே உட்கார்ந்திருந்தது. கொடுத்தவர் எடுக்கவில்லை. எடுத்தது என் அப்பா!

என்ன ஸாயா? "எறங்குய்யா"வா? ஒரு நிமிடம் முன்பு சிங்கம் என்றாய். இறங்குகிறேன். இதை முடித்துவிட்டு இறங்குகிறேன். தலைவர் அவர்களே, மணியை அடிக்காதீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன். இது வரை நீங்கள் மணி அடித்து நான் நிறுத்தியதும் இல்லை.

என் அப்பா கெட்டவரா? அவரை நான் நேசித்தேன். இப்போதும் நேசிக்கிறேன். ஒன்று மட்டும் கேளுங்கள். கீழைக் கோயிலாரின் பங்கு வெறும் மாவு என்று ஊரெல்லாம் சொன்னவர் அவர். வெறும் மாவை யாராவது திருடுவார்களா? வெறும் மாவுக்காக யாராவது ஆயுள் முழுக்க வாயைக் கட்டுவார்களா? வயதானவர்களே, உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா? என் அப்பா ஒவ்வொரு ஞாயிறும் எல்லாருக்கும் அப்பத் தட்டைப் பிடிப்பார், தான் மட்டும் உண்ண மாட்டார். முப்பது வருடம் உண்ணவில்லை. "என்ன தாழ்மை, என்ன பக்தி!" என்று சொன்னோம். பை காணாமல் போனபோது எனக்குப் பன்னிரண்டு வயது. அந்த ஞாயிற்றுக்கிழமைதான் அது தொடங்கியது என்பது இப்போது கணக்குப் போட்டால் தெரிகிறது. இரண்டு பங்கும் ஒரே மல்காதான் என்பதை இந்த ஊரில் யாரைவிடவும் உறுதியாக நம்பியவர் அவர்தான். அதனால்தான் திருடினார். அதனால்தான் தின்ன முடியாமல் செத்தார். ஐயோ, அப்பா!

மன்னியுங்கள். தண்ணீர் கொடுங்கள்.

ஷ்முனி அக்கா முதல் நாளே கண்டுகொண்டார். தன் விரலால் தைத்த பையைத் தொடக் கூடாது என்று நான் சொன்னபோது சிரித்தாரே, அந்தச் சிரிப்பு எனக்கு இப்போதுதான் புரிகிறது. கூடாரத்துக்குப் போய்க் கணவரிடம் சொல்லியிருக்கிறார். இவர் காய்ச்சலோடு எழுந்து, "அந்தத் திருட்டுப் பய மவன இப்பவே கேக்கறேன்" என்று கிளம்பியிருக்கிறார். மறுக்காதீர்கள் காஷா, நீங்களே சொன்னது! அக்கா கையைப் பிடித்து உட்காரவைத்துச் சொன்னாராம்: "அவங்கப்பா திருடினத அவன் காப்பாத்திக் கொண்டாந்திருக்கான். வீட்டுச் சாமான் ஒண்ணுகூட எடுக்காம இத மட்டும் நெஞ்சுல கட்டிக்கிட்டு வந்திருக்கான். நம்ம பங்கு நம்மகிட்ட வந்துடுச்சு. அந்தப் புள்ளைய ஊர் முன்னாடி தலை குனிய வெக்காத."

தலை குனியவைக்க வேண்டாம் என்றார். குனிய வேண்டியது என் கடமை, நானே குனிகிறேன்.

இதோ இந்தப் பை. தாளில் மடித்த மாவும் இதனுள்ளே இருக்கிறது. காஷா யோனான் அவர்களே, இது உங்களுடையது. மேடையிலிருந்து நீட்ட மாட்டேன், இறங்கி வருகிறேன். ஒலிபெருக்கிக் கம்பி எட்டுகிறதா? எட்டுகிறது. வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் இங்கே இருக்கிறீர்கள், அதனால் சத்தமாகவே சொல்கிறேன். எங்ககிட்ட இருந்தது திருடினது. மூலம் உங்ககிட்டதான். எங்களுக்கும் கொஞ்சம் குடுங்க.

இன்னொன்றும் கேட்கிறேன், காஷா. கேட்க எனக்கு வாய் இல்லை. இருந்தாலும் கேட்கிறேன். குர்பானாவில் இறந்தோர் பெயர்களைப் படிப்பீர்களே, அந்த வரிசையில் ஒரு நாளைக்கு, ஒரே ஒரு நாளைக்கு, என் அப்பாவின் பெயரையும் படிப்பீர்களா? உங்கள் கோயிலின் வாயால் அவருக்கு மன்னிப்பு வந்தால்...

என்ன காஷா? கேட்கவில்லை. ஒலிபெருக்கிக்கு அவர் குரல் எட்டாது, நானே சொல்கிறேன். அவர் சொல்கிறார்: "எதுக்குடா புதுசா கேக்கற? முகாம்லயே எழுதியாச்சு. அவ வந்து உக்காந்து, ஒதீஷோ பேர எழுதுன்னு சொன்னா. நான் மாட்டேன்னேன். எழுதற வரைக்கும் கஞ்சி கிடையாதுன்னுட்டா. நாலு வருஷமா வாராவாரம் படிச்சிக்கிட்டுதான் இருக்கேன். நீ எங்க கோயில் பக்கமே வர்றதில்ல, உனக்கு எப்படித் தெரியும்?"

கேட்டீர்களா?

அன்பர்களே, நான் மேலே உட்கார்ந்து அவர்களைக் கோயிலே இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்த வேளையில், அவர்கள் கீழே என் அப்பாவுக்காக வேண்டிக்கொண்டிருந்தார்கள். எங்கள் கோயிலில்கூட அவர் இறந்த நாளன்று மட்டும்தான் அந்தப் பெயரைப் படிக்கிறோம். அவர்கள் வாராவாரம் படித்திருக்கிறார்கள், அதுவும் அவர் என்ன செய்தார் என்று தெரிந்தே! கர்த்தர் தம்மோடு பரதீசுக்கு முதலில் அழைத்துப் போனது யாரை? தூதரையா? குருவையா? பக்கத்தில் தொங்கிய ஒரு திருடனை! அப்படியானால் முதல் திருச்சபை யாருடைய திருச்சபை? தலைப்புக்கு நாற்பது வருடம் தவறான பதில் சொன்னேன். சரியான பதில் முகாமில் கஞ்சிப் பாத்திரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. ஷ்முனி அக்காவின் திருச்சபை!

காஷா மறுபடியும் ஏதோ சொல்கிறார். "மைக்க குடுத்துட்டு பந்தலுக்குள்ள வா, வெயில்ல நிக்காத. அவ இருந்தா உன்ன வாசல்ல நிக்க விட்டிருக்க மாட்டா." சரி காஷா, வந்துவிட்டேன்.

பொறுமையாய் மணியடிக்காமலிருந்த தலைவருக்கும், கொடுத்த பட்டத்தைப் பிடுங்கிக்கொண்ட கறிக்கடை ஸாயாவுக்கும், இத்தனை வருடம் என் வாயைத் தாங்கிய கீழைக் கோயில் மக்களுக்கும் என் நன்றி. ஸாயா, அழாதே, நீயும் வா. அண்டாவை இறக்கலாம் சகோதரிகளே. இன்று எல்லாருக்கும் முதல் அகப்பையைக் கீழைக் கோயிலார் பரிமாறட்டும், என் அப்பாவின் பங்கை நான் வாங்கி உண்கிறேன்.

ஷ்லாமா! உங்கள் அனைவருக்கும் சமாதானம்!